வீட்டைச் சுற்றிக் காட்டுப்பூ: எந்த விதை, எந்த மாதம், எந்த மண்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சி புறநகரில் புது வீடு. சுற்றிலும் மூன்று சென்ட் காலி இடம், செம்மண், கொஞ்சம் கட்டட இடிபாடு. இணையத்தில் ‘வைல்ட்ஃபிளவர் மிக்ஸ்’ என்று ஒரு பொட்டலம் வாங்கி ஆடி மாதம் தூவியிருக்கிறீர்கள். பாதி முளைக்கவே இல்லை, முளைத்ததில் பெரும்பகுதி கருகிவிட்டது. விதை மோசமா, மண் மோசமா, இதே இடத்தில் காட்டுப்பூ வளர்க்க முடியுமா, செங்காந்தளை விதையிலிருந்து கொண்டுவர முடியுமா என்று கேட்கிறீர்கள்.

மண்ணில் குறை இல்லை. விதைத்த மாதமும் விதையின் ஊரும்தான் பொருந்தவில்லை.

அந்த மாதிரிப் பொட்டலங்களில் பெரும்பாலும் காஸ்மாஸ், ஜின்னியா, பாப்பி, கார்ன்ஃபிளவர் போன்றவை இருக்கும். காஸ்மாஸும் ஜின்னியாவும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள். நம் ஊரிலும் தண்ணீர் விட்டால் வளரும். பாப்பியும் கார்ன்ஃபிளவரும் ஐரோப்பிய வயலோரத்துச் செடிகள், குளிர்காலம் பார்த்து முளைப்பவை. திருச்சி வெயிலில் ஆடி மாதத்தில் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. அழகுக்காகத் தொட்டியில் வையுங்கள், தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்டது தானாக வந்து, பூத்து, விதை விட்டு, அடுத்த ஆண்டும் தானாக வரும் ஒரு இடம். அது நம் தரிசிலும் வயல் வரப்பிலும் ஏற்கெனவே வளர்கிற செடிகளால்தான் நடக்கும்: ஆவாரை, தும்பை, துத்தி, சங்குப்பூ, கிலுகிலுப்பை, விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை, செம்முள்ளி. இவற்றைக் களை என்று பிடுங்கிப் பழகிவிட்டோம். ஒரு தும்பைப் பாத்தி முழுக்கப் பூத்து நிற்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மறுபடி அதைக் களை என்று சொல்ல மனம் வராது.

இனி மாதம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பயிர் வைப்பவருக்குச் சொன்னது, ஆற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ பின்னால் இருக்கும் நம்பிக்கையில் சொன்னது. உங்கள் பகுதியில் ஆடியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். மேலே தூவிய பொடி விதையைக் காற்று அள்ளிக்கொண்டு போகும், முளைத்த பிஞ்சையும் ஒரே நாளில் காயவைக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கிழக்குச் சமவெளியின் காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை அந்த மழைக்கு முளைத்து மார்கழி, தையில் பூக்கின்றன. ஆகவே புரட்டாசிக் கடைசி வாரத்தில் இடத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, முதல் நல்ல மழை இறங்கியதும் ஐப்பசித் தொடக்கத்தில் தூவுங்கள். கோயம்புத்தூர், தென்காசி, கன்னியாகுமரி போல தென்மேற்குப் பருவமும் எட்டிப்பார்க்கும் ஊர்களில் ஆனியிலும் ஒருமுறை விதைக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம்.

மழைக்கு முன்னாலேயே தூவினால் என்ன என்று தோன்றும். எறும்புதான் காரணம். காய்ந்த மண்ணில் இரண்டு வாரம் கிடக்கும் சிறு விதையில் கணிசமான பங்கை எறும்பு புற்றுக்கு எடுத்துப் போய்விடும். ஈர மண்ணில் போட்ட விதை சீக்கிரம் முளைத்து அதன் கையிலிருந்து தப்பிக்கும்.

இப்போது விதை. இந்த விஷயத்தில் பலர் தடுமாறுவதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆவாரை, சங்குப்பூ, கிலுகிலுப்பை மூன்றும் அவரைக் குடும்பத்துச் செடிகள். இவற்றின் விதைத்தோல் தண்ணீரையே உள்ளே விடாது. ஒரு கைப்பிடி ஆவாரை விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் பாருங்கள். சிலது உப்பியிருக்கும், நிறைய விதை போட்டபடியே கல் மாதிரிக் கிடக்கும். அந்த விதைகள் செத்துப்போகவில்லை. வெயில், இரவுக் குளிர்ச்சி, மண் உரசல் என்று மாதக் கணக்கில், சில விதைகளுக்கு ஆண்டுக் கணக்கில், அடிபட்ட பிறகே தோல் ஒரு இடத்தில் இளகித் தண்ணீரை உள்ளே விடும். எல்லா விதைக்கும் ஒரே நேரத்தில் அது நடக்காது. இதனால் செடிக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்கிறது. அதை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் அடுத்த இரண்டு வாரத்து வெயிலில் எல்லாம் கருகும், அந்தத் தலைமுறையே போய்விடும். கொஞ்சம் இந்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த மழைக்கு, கொஞ்சம் அதற்கடுத்த ஆண்டுக்கு என்று பிரித்து வைத்திருப்பதால்தான் மழை பொய்க்கும் தரிசில் ஆவாரை இத்தனை காலம் நிற்கிறது.

நமக்கு முதல் ஆண்டே ஓரளவு செடி வேண்டும் என்பதால் அந்தத் தோலை நாம் கொஞ்சம் இளக்கித் தருகிறோம். கொஞ்சம் விதைதான் என்றால் உப்புத்தாளில் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் தேய்த்தால் போதும். உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். விதையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், நெற்றில் ஒட்டியிருந்த இடம். முளை அதன் அருகிலிருந்துதான் வரும், அதனால் அதற்கு எதிர்ப்பக்கத்தைத் தேயுங்கள். நிறைய விதை இருந்தால் வெந்நீர். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி அப்படியே இரவு முழுக்க விடுங்கள். அடுப்பின் மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். காலையில் உப்பியதை எடுத்து அன்றே விதைத்துவிட வேண்டும், உப்பிய விதை காத்திருக்காது. உப்பாததுக்கு இன்னொரு முறை வெந்நீர். துத்திக்கும் இதே வைத்தியம் பலிக்கும்.

ஆனால் இருக்கிற விதை எல்லாவற்றையும் இப்படிச் செய்யாதீர்கள். பாதியை அப்படியே மண்ணில் போடுங்கள். முதல் மழைக்குப் பின் நீண்ட இடைவெளி விழுந்து முளைத்ததெல்லாம் காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் அந்தப் பாதி காத்திருக்கும்.

தும்பை, ஓரிதழ் தாமரை போன்றவற்றின் விதை சின்னது. அவற்றுக்கு வெந்நீரும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். அவற்றை ஆழத்தில் புதைக்காமல் இருந்தாலே போதும். பொடி விதைகளில் பலவும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஒரு அங்குல மண்ணுக்கடியில் போனால் மேலே வரவும் அவற்றுக்குத் தெம்பு கிடையாது. மேலாகத் தூவி, உள்ளங்கையாலோ பலகையாலோ அழுத்திவிடுங்கள். தையில் சேகரித்த விதையை மாசியில் போட்டுப் பார்த்து முளைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. காட்டு விதைகளில் பலவற்றுக்குக் கோடையின் உலர்ந்த சூட்டில் சில மாதம் கிடந்தால்தான் உறக்கம் கலையும். காகித உறையில் போட்டுச் சாதாரண அறையில் வையுங்கள். பிரிட்டன், அமெரிக்கத் தோட்டக் காணொளிகளில் விதையை ஃபிரிட்ஜில் சில வாரம் வைக்கச் சொல்வார்கள். பனி உறையும் ஊரில் குளிர்காலத்தைத் தாண்டி வரும் விதைகளுக்கு உரிய முறை அது. நம் சமவெளி விதைக்கு அது தேவையில்லை.

விதை எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். மாசி, பங்குனியில் ஊருக்கு வெளியே சாலையோரம், குளக்கரை, தரிசு ஆகியவற்றைப் பாருங்கள். ஆவாரை நெற்று பழுப்பாகித் தாள் போலச் சலசலக்கும்போது பறிக்கலாம். கிலுகிலுப்பையை ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். சங்குப்பூ நெற்று வெயிலில் முறுக்கி வெடித்து விதையை எறிந்துவிடும் என்பதால் வெடிப்பதற்கு முந்தைய நிலையில் பறித்துத் துணிப்பையில் கட்டிக் காயவைக்க வேண்டும். செம்முள்ளிக் காயும் வெடிப்பதுதான், அதற்கும் துணிப்பை. தும்பைக்குச் செடியின் பழுத்த தலைகளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினால் கொட்டும். ஒரு இடத்தில் பத்துச் செடி இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்கக் கூடாது, இரண்டே செடி நிற்கும் இடத்தில் கையே வைக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் எடுப்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆவாரை நெற்றில் சிறு ஓட்டைகள் இருந்தால் உள்ளே வண்டு தின்றிருக்கும். பொறுக்கித் தள்ளிவிட்டு, நல்ல விதையில் அடுப்புச் சாம்பலைப் புரட்டி வையுங்கள். உறையின் மேல் செடியின் பெயர், எடுத்த இடம், மாதம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

அருகிலேயே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தருமபுரிப் பாறை நிலத்து ஆவாரையும் உங்கள் ஊர் ஆவாரையும் பார்ப்பதற்கு ஒன்றுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக உங்கள் ஊரின் மழைக்கும் மண்ணுக்கும் பிழைத்து வந்த செடியின் விதைதான் உங்கள் வீட்டில் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

மண் வேலை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. முதலில் சிமென்ட் கட்டிகள், ஜல்லி, காரை எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். சிமென்ட் கழிவு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், பிஞ்சு வேர் அதில் திணறும். அதற்குப் பிறகு உரம் எதுவும் போடாதீர்கள். தொழுவுரம், மண்புழு உரம், யூரியா எதுவும் வேண்டாம். காய்கறித் தோட்டம் போட்டுப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். ஆனால் வளமான மண்ணில் புல்லும் கோரையும் கீரைக்களையும் தும்பையைவிட வேகமாக எழும்பி அதன் வெளிச்சத்தைப் பறித்துவிடும். ஏழை மண்தான் காட்டுப்பூவுக்கு ஆதாயம். அவரைக் குடும்பத்துச் செடிகளில் பல, வேர் முடிச்சுப் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும்.

புரட்டாசியில் ஒரு மழை பெய்ததும், அல்லது நீங்களே ஒருமுறை நன்றாக நனைத்ததும், இரண்டு வாரம் சும்மா விடுங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் விதைகள் முளைத்து வரும். அவற்றில் எது எது என்று பாருங்கள். தும்பையோ சிறுபீளையோ தானாக வந்திருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாம், உங்கள் வேலையில் ஒரு பங்கு முடிந்தது. மற்றதைக் களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டி எடுங்கள். மண்வெட்டி போட்டுப் புரட்டினால் அடியில் உறங்கும் களை விதைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து புதிதாக ஒரு படை முளைக்கும். கோரை இருந்தால் மட்டும் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். சுரண்டினால் கோரை சாகாது.

கட்டாயம் எடுக்க வேண்டியவை இரண்டு. பார்த்தீனியம், கேரட் இலை மாதிரிக் கிழிந்த இலைகளோடு தரையோடு தரையாகப் படர்ந்து தொடங்கும். வெள்ளைப் பூ வருவதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள், பலருக்கு அது தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும். இன்னொன்று உண்ணிச்செடி. பூ அழகாக இருக்கிறதே, பட்டாம்பூச்சி வருகிறதே என்று விட்டுவைக்கத் தோன்றும். பழத்தைப் பறவை தின்று ஊரெல்லாம் பரப்பும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஏற்கெனவே பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்ட செடி அது. அதை வீட்டில் வளர்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

தூவும்போது ஒரு சென்ட்டுக்கு எல்லா விதையும் சேர்த்து நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். பத்துப் பங்கு காய்ந்த மணலில் கலந்துகொண்டால் சீராக விழும், எங்கே போட்டோம் என்பதும் மணலின் நிறத்தால் தெரியும். ஆவாரையையும் எருக்கையும் கலவையில் சேர்க்காமல் தனித்தனியாக இடம் பார்த்து ஊன்றுங்கள், இரண்டும் புதராக வளர்ந்து ஆளுயரத்தை நெருங்கும். பின்பக்க மதில் ஓரம் அவற்றுக்கு. வேலிக் கம்பியில் சங்குப்பூவும் முடக்கத்தானும். நடுவில் கிலுகிலுப்பை, துத்தி, செம்முள்ளி. நடைபாதைப் பக்கம் தும்பை, விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை. மதில் நிழல் விழும் ஈரமான மூலை இருந்தால் காசித்தும்பை போடுங்கள், விதையிலிருந்து அதைவிடச் சுலபமாக வரும் பூ அரிது. பிள்ளைகளிடமே அந்த மூலையைக் கொடுத்துவிடலாம், முற்றிய காயைத் தொட்டு வெடிக்கவைக்க அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

தூவும் அதே நாளில் ஒவ்வொரு விதையிலும் கொஞ்சம் எடுத்து நாற்றுத் தட்டில் பெயர் எழுதிப் போடுங்கள். இதை மட்டும் விடாதீர்கள். இரண்டு வாரம் கழித்துத் தரையில் நூறு வகைப் பச்சை தெரியும்போது, தட்டைப் பார்த்து ஒப்பிட்டால்தான் எது நீங்கள் போட்டது, எது களை என்று புரியும். இது இல்லாமல் களை எடுக்கப் போனவர்கள் தங்கள் துத்தியைத் தாங்களே பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

மழை நாலைந்து நாள் இடைவெளி விட்டால் பூவாளியால் மென்மையாகத் தெளியுங்கள். ஹோஸ் பைப் வேண்டாம், விதையை அடித்துக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். செடி ஒரு சாண் உயர்ந்தபின் தண்ணீரையும் நிறுத்திவிடலாம்.

பூத்த பிறகு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் இத்தனையும். தும்பைக்குக் காலையிலிருந்தே தேனீக்கள் வரும். துத்தி மதியத்துக்கு மேல்தான் மலரும், காலையில் பார்த்துவிட்டுப் பூக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக மட்டுமே வெளியே வரும். பெரிய கருவண்டு (தச்சுத் தேனீ) பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். உர்ரென்று சத்தம் கேட்கும், மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அப்படி அதிரவைக்கத் தெரியாது. வெளிர் பச்சையும் வெள்ளையுமான பட்டாம்பூச்சிகள் ஆவாரையில் முட்டையிடும். பச்சைப் புழுக்கள் இலையை அரித்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள், அந்தப் புழுவுக்காகவும்தானே ஆவாரை வைத்தோம். எருக்கில் கருப்பு மஞ்சள் வரிப் புழு தெரிந்தால் அது ஆரஞ்சு நிற வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை. கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டிலும் இலையிலும் நீல வரியன்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதைப் பார்க்கலாம். அந்தச் செடியின் கசப்பு வேதிப்பொருளை ஆண் பூச்சிகள் எடுத்துத் தங்கள் பாதுகாப்புக்கும் பெண்ணைக் கவரும் மணத்துக்கும் பயன்படுத்துகின்றன. ஓரிதழ் தாமரையில் முட்புழுக்களும் வரலாம், அவையும் பட்டாம்பூச்சிப் புழுக்கள்தான். இடத்தில் ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டுவையுங்கள், தனியாக வாழும் காட்டுத் தேனீக்களில் பல மண்ணில் துளையிட்டுத்தான் கூடு வைக்கும்.

பங்குனிக்கு மேல் இடம் காய்ந்து பழுப்பாகும். அக்கம்பக்கத்தார் ஏன் புதராக விட்டிருக்கிறீர்கள், பாம்பு வராதா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடியும் நடைபாதையின் இருபுறமும் வெட்டிச் சுத்தமாக வையுங்கள், செங்கல் குவியல், விறகுக் குவியல் எதையும் பக்கத்தில் போடாதீர்கள். எலி தங்க இடமில்லாவிட்டால் பாம்புக்கும் அங்கே வேலை குறைவு. தும்பை போன்ற ஓராண்டுச் செடிகள் விதை முழுக்கக் கொட்டிய பிறகு அறுத்து, தட்டி உதறி அங்கேயே மூடாக்காக மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். எரிக்க வேண்டாம், மேல் மண்ணில் கிடக்கும் விதையும் பூச்சி முட்டைகளும் சேர்ந்து எரியும். ஆவாரையைக் கவாத்து செய்தால் மழைக்கு மறுபடி தளிர்க்கும்.

முதல் ஆண்டு பூ குறைவாகத்தான் இருக்கும். ஆவாரை முதல் ஆண்டில் வேருக்கே நேரம் செலவிடும். தும்பையும் காசித்தும்பையும் உடனே பூக்கும். இரண்டாவது ஐப்பசியில் நீங்கள் போடாத இடங்களிலும் முளைக்கத் தொடங்கினால் விதை மண்ணில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாகச் செங்காந்தள். விதையிலிருந்து வரும், ஆனால் பூ பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். சிவந்த விதை முளைப்பதற்கே வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் எடுக்கும், முதல் சில ஆண்டுகள் சிறு கிழங்கைப் பெருக்கிக்கொள்வதிலேயே போகும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் மருந்துக்கான விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகளும் கிழங்கைத்தான் நடுகிறார்கள். அவர்களிடமோ நம்பகமான நாற்றுப் பண்ணையிலோ ஒரு கிழங்கு வாங்கி ஆனி ஆடியில் நட்டால் அந்தப் பருவத்திலேயே பூக்க வாய்ப்புண்டு. காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள். கிழங்கின் நுனிதான் முளை, அது முறிந்தால் வராது. ஏறுவதற்கு வேலியோ குச்சியோ கொடுங்கள், இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். பருவம் முடிந்ததும் கொடி காய்ந்துவிடும், செத்துவிட்டது என்று தோண்டாமல் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செடி முழுக்க, முக்கியமாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்சிசின் என்ற கடும் நஞ்சு உண்டு, சிறிதளவு தின்றாலும் உயிருக்கு ஆபத்து. நடும்போது கையுறை போடுங்கள், கிழங்கை சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, கிலுகிலுப்பையை ஆடு மாடு மேயக் கூடாது. தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் செங்காந்தளைக் குழந்தை நடந்து பேச்சுப் புரியும் வயது வரும்வரை தள்ளிப்போடுங்கள், மற்ற எல்லாவற்றையும் இந்த ஐப்பசியிலேயே தொடங்கலாம்.